குக்கரோடு குடி வந்தவள்

பத்தே பத்து இலக்கங்கள். கயல் தன் கைப்பட எழுதிய அந்தப் பத்து இலக்கங்கள்தான் ஆட்டத்தைக் கலைத்தன.

எழுதியது ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. நியூ ஜெர்சியில் பாலிசேட்ஸ் பார்க், பிராட் அவென்யூ. ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் இருந்த வீட்டுத் தரகர் அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே தெரு நெடுகக் கொரிய எழுத்து. மளிகைக் கடை, முடி திருத்தும் கடை, பல் டாக்டர், சர்ச், டியூஷன் சென்டர் என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் அவளால் ஓர் எழுத்தைக்கூட எழுத்துக் கூட்ட முடியவில்லை. அதற்காகவேதான் இந்த ஊரைப் பிடித்திருந்தாள்.

மான்மவுத் ஜங்ஷனில் பதினாறு வருஷக் குடித்தனம். அங்கே அவள் தும்மினால், டெக்சாஸில் இர்விங்கிலிருக்கும் நாத்தனார் போன் போட்டு கஷாயம் குடித்தாயா என்று கேட்பாள். எடிசனில் வீடு பார்த்தால் கணவன் சபரிநாதனின் ஆபீஸ் கூட்டம். ஜெர்சி சிட்டியில் பார்த்தால் தமிழ்ச் சங்கம். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் "சபரி வரலையா?" என்று யாரும் கேட்காத ஒரு தெரு அவளுக்கு வேண்டியிருந்தது. தவிர, புதிதாகச் சேரப்போகும் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து பஸ்ஸில் பத்தே நிமிஷம்.

வீடு பிடித்துப்போயிற்று. கீழே வீட்டுக்கார அம்மாள், மாடியில் வாடகைக்கு. இரண்டு அறை, நல்ல வெளிச்சமான சமையலறை. பதினாலு வயது மகள் வெண்பா சின்ன அறையின் ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, "அம்மா, திஸ் ஒன் இஸ் மைன்" என்று சொல்லிவிட்டாள். மாதக்கணக்கில் அந்தப் பெண் எதையும் தன்னுடையது என்று சொல்லிக் கயல் கேட்டதில்லை.

தரகர் டேனியல் குவோன், முப்பது வயது இருக்கலாம், விண்ணப்பத்தை நீட்டினார். பெயர். வேலை. குடி வரும் தேதி. கடைசியில் ஒரு கட்டம்: அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்.

ஸ்கூல் படிவம், பல் டாக்டர் படிவம், நீச்சல் வகுப்புப் படிவம் என்று பதினாறு வருஷமாக அந்தக் கட்டத்தை எங்கே பார்த்தாலும் அவள் எழுதுவது ஒரே நம்பர். அன்றும் எழுதினாள். எழுதியது மூளை இல்லை, கை. கையெழுத்துப் போட்டாள், அவர் கொடுத்த பார்லி டீயைக் குடித்தாள், மகளோடு படியிறங்கி வந்து கீழ்க் கடையில் பன் வாங்கித் தின்றாள்.

யாரிடமிருந்து தப்பித்துப் போகப் பார்க்கிறாளோ, அவனுடைய நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

* * *

திங்கட்கிழமை மதியம் டேனியல் கூப்பிட்டார். குரலில் சங்கடம். விவரம் சரிபார்க்க அவளுடைய கணவரிடம் பேசினாராம். கணவர் ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். மனைவிக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை, கோபத்தில் வீடு பார்க்கிறாள், உங்கள் நேரத்தை வீணாக்கிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். அதற்கு ஓர் ஆதாரமும் கொடுத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் ஆடி என்று ஒரு மாதம், வியாழக்கிழமை பிறக்கிறது, அதில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அவள் ஆகஸ்ட் பதினேழு என்று தேதி போட்டிருப்பாளே பாருங்கள், அதற்குள் கோபம் ஆறிவிடும்.

டேனியல் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் பதினேழுதான் போட்டிருந்தது. ஆவணி ஒன்று.

வீட்டுக்கார அம்மாளுக்கு ஜூலை இருபத்துநாலாம் தேதியே வரத் தயாராக வேறொருவர் இருக்கிறார், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டேனியல் வைத்துவிட்டார்.

கயல் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மனசு சரியில்லை. அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறாள். எழுத்தில்.

மே மாதம் நடந்தது அது. கயல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்டுக்கு சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பதிலே வரவில்லை. ஒருநாள் எதையோ தேடப்போய், தன் மெயிலில் 'அனுப்பியவை' என்ற பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வேலை கிடைத்திருக்கிறது. 'மனநலமும் குடும்பச் சூழலும் காரணமாக ஏற்க இயலவில்லை' என்று பதிலும் போயிருக்கிறது. அவள் பெயரில், அவள் கையொப்பத்தோடு. எழுதியவன் சபரிநாதன்.

கேட்டாள். அவன் மறுக்கவே இல்லை.

"உனக்காகத்தான் கயல். டெய்லி நூறு மைல் டிரைவ் பண்ணுவியா? நோ சொல்ல நீ சங்கடப்படுவே. அதான் நானே சொல்லிட்டேன்."

அவன் குரல் உயர்ந்ததே கிடையாது. மனைவி பேச வேண்டிய இடத்திலெல்லாம் முந்திக்கொண்டு பேசிவிடுகிறவனுக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் என்ன வந்தது?

கயலும் சத்தம் போடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்தப் பதில் என்னுடையது அல்ல என்றாள். அவர்கள் இரண்டு நாள் யோசித்து, ஆகஸ்ட் இருபத்தைந்தில் சேரச் சொன்னார்கள். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்தாள். ஒரு வக்கீலைப் பார்த்தாள். மெயில் கடவுச்சொல்லை மாற்றினாள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. கடைசியில் அந்த ஒரு கட்டம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

* * *

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது. சோபாவில் வெங்கடாசலம் அங்கிள், பக்கத்தில் புஷ்பவல்லி ஆன்ட்டி. தாராபுரத்திலிருந்து முப்பது வருஷம் முன்னால் வந்தவர்கள். மான்மவுத் ஜங்ஷனில் எந்த வீட்டில் கதவு பலமாகச் சாத்தப்பட்டாலும் இவர்கள் சோபாவுக்கு வந்துவிடுவார்கள்.

"ஏனம்மணி," என்று ஆரம்பித்தார் அங்கிள். "அந்தக் கொரியாக்காரங்க ஊர்ல உனக்கென்ன வேலை? ஒரு அவசரம்னா ஓடி வர்றதுக்கு ஆள் வேண்டாமா?"

"அவசரத்துக்கு ஓடி வர்ற ஆள் நம்பரைத்தான் அங்கிள் எழுதிக் குடுத்தேன்," என்றாள் கயல். "ஓடித்தான் வந்தாரு."

அங்கிள் சபரியைப் பார்த்தார். சபரி புன்னகைத்தான்.

ஆன்ட்டி அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அடிக்கிறாரா, குடிக்கிறாரா, வேறு ஏதாவது தொடர்பா என்று காதோடு காதாக விசாரணை. எதுவும் இல்லை, எனக்குப் பதிலாக அவரே பேசிவிடுகிறார் என்றாள் கயல். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதெல்லாம் ஒரு காரணமா கண்ணு? எங்க வீட்டுலயும்தான்."

"ஆன்ட்டி, உங்க போனுக்கு பாஸ்வேர்ட் யார் போட்டது?"

ஆன்ட்டியின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஹாலில் சபரி பஞ்சாயத்தை முடித்துவைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க அங்கிள். ஆடி முடியட்டும். அவளேதானே ஆகஸ்ட்னு எழுதியிருக்கா? வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டா, ராகு காலத்துல பிளைட் டிக்கெட் புக் பண்ண மாட்டா. அவளை எனக்குத் தெரியும்."

சமையலறை வாசலில் நின்று கயல் அதைக் கேட்டாள். அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு சுட்டிருக்காது. அவன் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். அவள் கோபத்தைக்கூட அவன் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்திருந்தான்.

* * *

புதன்கிழமை லீவு போட்டாள். தரகரிடம் சொல்லாமல் நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் யாங்குக்கு எழுபது இருக்கும். முகத்தில் பாதியை மறைக்கும் வெயில் தொப்பி, கையில் ரப்பர் குழாய். முன்வாசலில் வரிசையாகத் தெர்மோகோல் பெட்டிகள், அவற்றில் தளதளவென்று மிளகாய்ச் செடிகள். கயலை அடையாளம் கண்டுகொண்டாள். குழாயை மூடவில்லை. அவள் ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது.

உன் புருஷன் நல்ல மாதிரிப் பேசினார் என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார் என்றாள் கயல்.

மிஸஸ் யாங் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். போன வருஷமும் ஒரு பெண் இப்படி வந்தாளாம். புருஷனோடு சண்டை, இரண்டு பெட்டி, நிறையக் கண்ணீர். மூன்றாவது வாரம் புருஷன் பூங்கொத்தோடு வந்து நின்றான். அவள் போய்விட்டாள். குளிர்காலம் முழுக்க வீடு இருட்டாகக் கிடந்தது. எனக்குச் சண்டையும் வேண்டாம், பூவும் வேண்டாம், என் தலைக்கு மேலே விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

பிறகு தொப்பியை நிமிர்த்தி நேராகக் கேட்டாள். "ஆகஸ்ட் பதினேழு ஏன்?"

கயலால் எதையாவது சொல்லித் தப்பித்திருக்க முடியும். வேலை, வேன், ஸ்கூல் என்று எத்தனையோ சாக்கு இருந்தது. சபரியாக இருந்தால் மூன்றும் சொல்லியிருப்பான். அவள் உண்மையைச் சொன்னாள். ஆடி என்றொரு மாதம், அதில் நாங்கள் குடி போக மாட்டோம், யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

குழாய் நின்றது. மிஸஸ் யாங் அவளை உள்ளே வரச் சொன்னாள்.

சமையலறைச் சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கியது. பெரிய பெரிய எண்கள். சிலவற்றின் கீழே பொடி எழுத்தில் இன்னோர் எண். மொழி தெரியாவிட்டாலும் அது என்னவென்று கயலுக்குத் தெரிந்தது. நிலாக் கணக்கு. இருபத்துநாலாம் தேதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

மிஸஸ் யாங் விரல் வைத்துக் காட்டினாள். ஊரைச் சுற்றுகிற கெட்டது ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் கிழக்கே, இரண்டு நாள் தெற்கே என்று திசை மாறி மாறிச் சுற்றும். நிலாக் கணக்கில் ஒன்பதிலும் பத்திலும் முடிகிற நாட்களில் மட்டும் வானத்துக்குப் போய்விடும். வீடு மாறுகிறவர்கள் அன்றைக்குத்தான் மாற வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டுக்குள் யாரும் வேறு நாளில் கட்டில் தூக்கி வந்ததில்லை.

கயல் போனை எடுத்துப் பஞ்சாங்கத்தைத் திறந்தாள். ஜூலை இருபத்துநாலு, வியாழன். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடி அமாவாசை.

ஆடியே ஆகாது. அதிலும் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுகிற நாள்.

"உன் காலண்டர் என்ன சொல்லுது?" என்றாள் மிஸஸ் யாங்.

"போகாதேங்குது."

"நீ என்ன சொல்றே?"

கயலிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பதில் சொல்ல ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இருபத்துநாலாம் தேதி. பகல் பன்னிரண்டுக்கு முன்னாடி வந்துடறேன்."

மிஸஸ் யாங் நிபந்தனைகளை அடுக்கினாள். கையெழுத்து, சாவி எல்லாம் அன்றைக்கே. முதலில் உள்ளே வர வேண்டியது சோறு வைக்கிற பாத்திரம், கட்டில் மேஜை எல்லாம் அதற்கப்புறம். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் சாவி அந்த இன்னொரு ஆளுக்கு. அவன் வேனோடு தெருவிலேயே நிற்பான்.

திரும்பும் வழியில் டேனியல் அலுவலகத்துக்குப் போய்த் தேதியைத் திருத்தினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. இதில் வேறு யார் பெயரை எழுதுவது என்று கேட்டாள்.

டேனியல் எட்டிப் பார்த்தார். "நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை மட்டும் நிரப்பினால் போதும் மேடம். அதில் குறி இல்லையே."

இல்லைதான். கயல் அந்தப் பத்து இலக்கங்களை அடித்தாள். அடித்ததில் காகிதம் கிழிந்தது. டேனியல் வேறு காகிதம் எடுத்துக் கொடுத்தார்.

* * *

சபரியிடம் அவள் மறைக்கவில்லை. அன்றிரவே சாப்பாட்டு மேஜையில் தேதியைச் சொன்னாள்.

"ஆடி அமாவாசையிலயா?" அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்பாவுக்குப் படையல் யார் செய்வா?"

"சாம்பார்ப் பொடி, வெல்லம், எள்ளு எல்லாம் எங்கெங்க இருக்குன்னு எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்."

அவன் புன்னகைத்தான். அந்த வாரம் முழுக்கப் புன்னகைத்துக்கொண்டேதான் இருந்தான்.

இருபத்துநாலாம் தேதி, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் புன்னகைக்கு அர்த்தம் தெரிந்தது.

வாடகை வேன் வரவில்லை. போன் செய்தால், நீங்கள் கொடுத்த கார்டு முடக்கப்பட்டிருக்கிறது, வேனை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். குடும்பக் கார்டு. பழக்கத்தில் அதன் எண்ணையே கொடுத்திருந்தாள். அதைப் பூட்டவும் திறக்கவும் சபரியின் போனால் மட்டுமே முடியும். சொந்தக் கார்டு எண்ணைச் சொன்னாள். அடுத்த வேன் மாலை நாலு மணிக்குத்தான்.

கராஜைத் திறந்தாள். காலி. ஒரு கார் அவனோடு ஆபீசுக்குப் போயிருந்தது. இன்னொன்றை நேற்றிரவே சர்வீஸுக்கு விட்டிருப்பதாகக் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு. அதன் ஓரத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தான்.

வெண்பா படிக்கட்டில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்தாள். இருபத்திரண்டு அட்டைப்பெட்டி. "ஸோ வீ'ர் நாட் கோயிங்," என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

கயல் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு, 'கிச்சன்' என்று எழுதிய பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். உள்ளிருந்து அஞ்சு லிட்டர் குக்கரை எடுத்தாள். கல்யாணத்துக்கு வந்தது. உள்பக்கமாகச் சாய்த்துப் போடுகிற மூடி. அதற்குள் ஒரு பை அரிசி, உப்புப் பொட்டலம், மஞ்சள் கிழங்கு, பெருங்காய டப்பா எல்லாவற்றையும் வைத்து மூடினாள்.

"அந்தம்மா கேட்டது முதல் பொருளைத்தான்," என்றாள் மகளிடம். "மிச்சத்தை நாலு மணிக்கு வேன்காரங்களே வந்து எடுத்துட்டு வரட்டும், கராஜ் பூட்டு நம்பரைச் சொல்லிடறேன். உன் ஸ்கூல் பேகை எடுத்துக்கோ. ரயில்ல போறோம்."

டாக்ஸி பிடித்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் போய், எட்டரை மணி ரயிலில் ஏறினார்கள். ஆபீஸ் போகிற கூட்டத்துக்கு நடுவே கயல் மடியில் குக்கரோடு உட்கார்ந்திருந்தாள். வெண்பா இரண்டு ஸ்டேஷன் வரை தாயைத் தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது ஸ்டேஷனில் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குக்கர் மேல் போர்த்தினாள். கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நியூயார்க்கில் இறங்கி, பாலிசேட்ஸ் பார்க்குக்கு பஸ் பிடிக்க நாற்பத்திரண்டாம் தெரு பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐந்து.

"அம்மா," என்றாள் வெண்பா மெல்ல. "யூ காண்ட் கேரி தட் இன் ஹியர்."

"ஏன்? குக்கர்தானே?"

ஏன் என்று அடுத்த பத்தாவது அடியில் தெரிந்துவிட்டது. ஒரு போலீஸ்காரர், அவரோடு வெடிகுண்டு தேடும் ஒரு நாய். பிரஷர் குக்கருக்குள் குண்டு வைத்த கதை அந்த ஊருக்குப் புதிதில்லை. ஸ்வெட்டர் போர்த்திய பிரஷர் குக்கரோடு கூட்டத்துக்குள் வேகமாக நடந்த ஒரு பெண்ணை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

கீழே வையுங்கள், இரண்டடி பின்னால் போங்கள் என்றார் போலீஸ்காரர். குரலில் மரியாதை இருந்தது, அவசரமும் இருந்தது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சுற்றி ஒரு வட்டம் காலியாயிற்று. கயல் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. ஒருவர் குனிந்து மூடியை இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை. அந்த மூடியை இழுக்கவும் கூடாது, திருகவும் கூடாது. அது பதினாறு வருஷம் பழகியவர்களுக்கு மட்டும் வழிவிடுகிற மூடி. பத்தரை.

"நான் திறக்கட்டுமா?" என்றாள் கயல்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்கள். அவள் முழங்காலிட்டு, மூடியை உள்ளே அமுக்கி, சாய்த்து, ஒரே இழுப்பில் எடுத்தாள். நாய் தலையை உள்ளே விட்டது. பெருங்காயம். அடுத்தடுத்து மூன்று முறை தும்மிவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்பதுபோல எஜமானரின் பூட்ஸ் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் போலீஸ்காரர் இதை எங்கே எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"என் வீட்டுக்கு," என்றாள் கயல்.

'எங்கள்' என்று வரவில்லை. கை எழுதுகிற மாதிரி வாயும் தானாகத்தான் சொல்லியது. ஆனால் இந்த முறை சரியாகச் சொல்லியது.

* * *

சுரங்கப்பாதைக்குள் பஸ் நத்தையாக ஊர்ந்தது. பதினொன்று. பதினொன்றேகால். நாற்பது. ஜன்னலுக்கு வெளியே கொரிய எழுத்துகள் தென்பட ஆரம்பித்ததும் வெண்பா எழுந்து நின்றுவிட்டாள். இறங்கும்போது பதினொன்று ஐம்பத்திரண்டு. அங்கிருந்து இரண்டு தெரு, மேடு. கயல் புடவை கட்டாததற்குத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளே மஞ்சள் கிழங்கு குக்கரின் சுவரில் டங்கு டங்கென்று அடித்தது.

வீட்டு முன்னால் ஒரு வெள்ளை வேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சாய்ந்தபடி ஓர் இளைஞன். வாசற்படியில் டேனியல், கையில் காகிதக் கட்டு. அவர் பக்கத்தில் தொப்பியோடு மிஸஸ் யாங், கண் கைக்கடிகாரத்தில்.

மூச்சு வாங்க நின்ற கயலையும், குக்கரையும், அவளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத தெருவையும் மிஸஸ் யாங் பார்த்தாள்.

"கட்டில் எங்கே?"

"நீங்க முதல் பொருளைத்தானே பன்னிரண்டுக்குள்ள கேட்டீங்க," என்றாள் கயல். "இதோ. மிச்சம் சாயந்திரம் வருது."

மிஸஸ் யாங் குக்கரை வாங்கி எடை பார்த்தாள். மின்சாரக் கம்பி இல்லாததைக் கண்டு புருவத்தைச் சுருக்கினாள். மூடியை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. திருப்பிக் கொடுத்தாள். பிறகு தெருவில் நின்ற இளைஞனைப் பார்த்துக் கையை ஆட்டி, கொரிய மொழியில் இரண்டே வார்த்தை சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டு வேனில் ஏறினான்.

மாடிக்கு வந்ததும் கயல் அரிசியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றினாள். அப்புறம்தான் கையெழுத்து. சமையல் மேடை மேலேயே காகிதங்களைப் பரப்பி, டேனியல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். கடைசிப் பக்கத்தில் பேனாவை எடுக்கும்போது டேனியலின் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"காலையிலிருந்து இது மூன்றாவது முறை," என்றார். "நீங்கள் வரமாட்டீர்கள், காத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறார்."

கயல் கையை நீட்டினாள். ஸ்பீக்கரைப் போட்டு, அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். சபரியின் ஆங்கிலம் வழக்கம்போல இதமாக ஓடியது. சிரமத்துக்கு மன்னிக்கவும் டேனியல், என் மனைவி மனசு மாறிவிட்டாள், உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுகிறாள்.

"நான்தாங்க பேசறேன்," என்றாள் கயல்.

பதினாறு வருஷத்தில் சபரிநாதனிடம் தயாராகப் பதில் இல்லாத முதல் ஐந்து வினாடி அது. வெண்பா வாசற்காலில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கயல், எப்படி நீ..." என்று ஆரம்பித்து, சமாளித்துக்கொண்டான். "இன்னிக்கு ஆடி அமாவாசை. நீ கோவத்துல இருக்கே. சாயந்திரம் நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். உக்காந்து பேசலாம்."

"பேசலாங்க. வக்கீல் நம்பர் பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, சாம்பார்ப் பொடிக்குக் கீழே. வெண்பா உங்ககிட்ட பேசணும்னா அவளே பேசுவா. எனக்குப் பதிலா மட்டும் இனிமே யார்கிட்டயும் பேசாதீங்க."

"இல்ல கயல், நான் சொல்றதைக் கேளு. நீ இப்ப என்ன சொல்ல வர்றேன்னா—"

குக்கர் விசில் அடித்தது.

புது வீடு, காலி அறைகள், சாமான் ஒன்று கிடையாது. அந்தச் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. டேனியல் துள்ளி விலகினார். கயல் போனை எடுக்கவுமில்லை, நகர்த்தவுமில்லை. சபரி மறுபடி ஏதோ ஆரம்பித்தான். இரண்டாவது விசிலுக்கு அதுவும் முழுகிப்போயிற்று. அது அடங்கியபோது போனில் அவன் இல்லை.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மிஸஸ் யாங் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இது எத்தனை தடவை கத்தும்?"

கயல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள்.